மூச்சு விடாத மாடு

முதற்பனி விழும் வாரத்தில் எங்கள் பிளாக்தார்ன் கவுண்டி என்னும் சிறு மாவட்டம் தன் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். அறுவடை முடிந்த மக்காச்சோள வயல்களில் எஞ்சி நிற்கும் தட்டைகள் காற்றில் ஒன்றையொன்று உரசி, ஆராதனை தொடங்குமுன் முணுமுணுக்கும் முதியோரைப்போல ஒலிக்கும். காட்டு வாத்துகள் தம்முள் அழைத்தபடியே தெற்கு நோக்கிச் செல்லும். அவை கடந்த பின் வானம் முன்னிலும் அகன்று தோன்றும். களஞ்சியங்களிலிருந்து எழும் பொன்னிறத் தூசி கூரை, வேலி, வண்டி, புருவம் என்ற வேறுபாடு பாராமல் எல்லாவற்றின்மேலும் படியும். மண்ணாயிருக்கிறோம், மண்ணுக்கே மீள்வோம் என்பதைப் போதகர் எடுத்துரைக்கத் தேவையில்லாத பருவம் அது. சட்டையை உதறினாலே போதும்.

இத்தகைய புனிதமான பருவத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் பாட்டனாரின் ரிவால்வரைத் தொலைத்துவிட்டேன் என்பதை நான் அறிந்தேன்.

நான் டெல்பர்ட் கிளாசன், இந்தக் கவுண்டியின் ஷெரீப்; ஊரார் வாக்களித்துத் தேர்ந்த காவல் தலைவன். என் பாட்டனாரும் இதே பதவியில் இருந்தவர். தொல்லரசர்களின் வாளுக்குப் பெயரும் புகழும் இருந்ததுபோல் அந்த ரிவால்வருக்கும் இங்கே ஒரு மரியாதை உண்டு. பாட்டனார் அதைக் கொண்டு ஒரு வங்கிக் கொள்ளையனைப் பிடித்தார். நான் அதைக் கொண்டு சுதந்திர தின ஊர்வலத்தில் முதல் வரிசையைப் பிடித்தேன். ஞாயிறு ஆராதனைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் மட்டுமே அது என் இடுப்பில் ஏறும். மற்ற நாட்களில் வீட்டுச் சுவரின் ஆணியில் தொங்கும். அன்று காலை ஆணியில் வெறும் உறை தொங்கியது.

வேறு எவன் தொலைத்திருந்தாலும் அது ஒரு செய்தி. நான் தொலைத்தது ஒரு காவியம். மாநிலத் தலைநகரில் அவ்வாண்டு ஒரு புதிய சட்டம் இயற்றினார்கள். துப்பாக்கியைத் தொலைத்தவன் இரண்டு நாளுக்குள் காவலரிடம் சொல்ல வேண்டும், கண்டெடுத்தவனும் சொல்ல வேண்டும், புதிதாக வாங்குபவன் சில நாள் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்திருந்தார்கள். எங்கள் கவுண்டி அதை ஏற்க மறுத்தது. நீதிமன்றப் படியில் நின்று அந்த மறுப்பை வாசித்தவன் நான். "பொறுப்புள்ள மனிதன் துப்பாக்கியைத் தொலைப்பதில்லை. இந்தக் கவுண்டியில் பொறுப்பற்ற மனிதன் இல்லை" என்று முழங்கினேன். அந்த வாக்கியத்தை என் முகத்தோடு சேர்த்துப் பனியனில் அச்சிட்டு விற்றார்கள். எல்லா அளவிலும் கிடைத்தது.

அன்று மாலை ஆறு மணிக்கு, மறுக்கும் மக்களின் குரலைக் கேட்பதற்காகத் தலைநகரிலிருந்து சட்டசபைக் குழு எங்கள் நீதிமன்றத்துக்கு வருவதாக இருந்தது. முதற்பேச்சு என்னுடையது. இடுப்பில் பாட்டனாரின் ரிவால்வருடன் என்று துண்டறிக்கையிலேயே போட்டிருந்தார்கள்.

துணை ஷெரீப் வாண்டா ஸ்ட்ரீக்கரை மட்டும் அழைத்தேன். தொலைபேசியையும் என்னையும் இருபது ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்பவள் அவள்; இரண்டில் தொலைபேசிதான் அறிவுள்ளது என்று பிறரிடம் சொல்வதாகக் கேள்வி.

"திருட்டு" என்றேன். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வெளியில என் டிரக்ல வெச்சிருந்தேன். சீட்டுக்கு எதிர்ல இருக்கற முன்பெட்டிக்குள்ள. யாரோ எடுத்துட்டாங்க."

"டிரக்கைப் பூட்டினீங்களா?"

"இந்த ஊர்ல யாரு பூட்டறா?"

"சரிதான். புகார் குடுக்கறீங்களா, ஷெரீப்? காணாமப் போனதைச் சொல்லணும்னு ஒரு சட்டம் இருக்காம். ரேடியோல யாரோ ரொம்ப எதிர்த்துப் பேசிட்டு இருந்தாரு."

"குடுத்தா சட்டத்துக்குப் பணிஞ்சவன் ஆயிடுவேன்."

"குடுக்கலைன்னா?"

"சட்டத்தை மீறினவன்."

"அதைத்தானே பனியன்ல போட்டிருக்கு. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். பிறகு அவள் குரல் சற்றே தாழ்ந்தது. "உள்ள குண்டு இருந்துச்சா?"

"ஆறும் இருந்துச்சு."

வாண்டா கேலியை நிறுத்தினாள். அவள் கேலியை நிறுத்துவது எங்கள் ஊரில் அபாயச் சங்குக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை சீயோன் தேவாலயத்தில் அறுவடை விருந்து. கவுண்டியின் பாதிப் பிள்ளைகள் அங்கே வண்டிகளுக்கிடையில் ஓடி விளையாடினார்கள். அது எனக்கும் நினைவு வந்தது; ஆனால் மாலைப் பேச்சைப் பற்றிக் கவலைப்பட்ட பிறகுதான் வந்தது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

"யாராவது போன் பண்ணி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"கறுப்பு நாயைக் காணோம்னு ஒண்ணு. பக்கத்து வீட்டுக்காரன் இலையைக் கொளுத்தறான்னு ஒண்ணு. அப்புறம் புதுச் சட்டத்தைப் பத்திப் பேச வந்த போனெல்லாம் உங்க உத்தரவுப்படியே வெட்டிட்டேன். 'புதுச் சட்டப்படி'ன்னு வாயத் திறந்தாலே டொக்."

"நல்லது" என்று பாராட்டினேன். அந்த உத்தரவை இட்டவன் நான்தான். அந்தச் சட்டத்தின் பெயரால் ஒரு சொல்லும் எங்கள் அலுவலகத்துக்குள் நுழையலாகாது என்று நானே சுவரில் ஒட்டியிருந்தேன்.

டிரக்கிடம் சென்றோம். திருட்டு என்று தீர்ப்பு வழங்குமுன் நான் திறந்தே பாராத முன்பெட்டியை நோக்கி இப்போது கை நீட்டினேன். வாண்டா என் மணிக்கட்டில் ஓர் அடி போட்டாள்.

"தொடாதீங்க. பாருங்க."

பெட்டியின் மூடியிலும் பிடியிலும் மெல்லிய பொன்னிறத் தூசி, புதுப்பெண்ணின் முக்காடுபோல், ஒரு கீறலும் இன்றிப் படிந்திருந்தது.

"சனிக்கிழமை களஞ்சியத் தீயை அணைக்கப் போனோமே, அன்னிக்குப் படிஞ்ச தூசி இது. அப்புறம் இந்தப் பிடியில எவன் விரலும் படல. திருடன் விரலும் படல" என்றாள். "உங்க விரலும் படல."

"நான்தான் வெச்சேனே. எப்பவும் அங்கதான் வெப்பேன்."

"எப்பவும் வெப்பீங்க. இந்த ஞாயிறு வெக்கல. நினைவு வேற, பழக்கம் வேற, ஷெரீப். என் மொத வீட்டுக்காரர் தினமும் எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவேன்னுதான் சத்தியம் பண்ணுவாரு."

மகத்தான துப்பறிவாளன் தன் முதல் துப்பாகத் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது இவ்வாறுதான். எனினும் மாலைப் பேச்சுக்கு ஒரு வழி வேண்டுமே. அப்போது என் உள்ளத்தில் ஒரு யோசனை உதித்தது. உதித்த யோசனைகளில் இது சிறந்ததன்று.

சட் வோகலின் கடை தீவனமும் துப்பாக்கியும் விற்கும் கடை. வாசலில், ஆள் உயரப் பலகையில், "நாங்கள் பணியமாட்டோம்" என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. பனியன்களை அச்சிட்டவனும் அவன்தான். என் பள்ளித் தோழன். ஐம்பது ஆண்டு வேட்டையில் இரு காதும் மந்தமாகிவிட்டதால் கோயிலில் போதகர் சொல்வதற்கெல்லாம் மனப்பூர்வமாகத் தலையாட்டுபவன்.

"சட், என் பாட்டனாரோட ரிவால்வர் மாதிரியே ஒண்ணு உன்கிட்ட இருக்குமா? பழசு. இன்னிக்கே வேணும்" என்று அவன் காதருகே கூவினேன்.

"இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்க."

"இன்னிக்கு சாயங்காலம் வேணும்."

"அந்தப் புதுச் சட்டப்படி காத்திருக்கணும், டெல்பர்ட்."

நான் வாசலிலிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"பலகை வெளியில இருக்கு. லைசென்ஸ் உள்ள இருக்கு. பலகை போச்சுன்னா வேற எழுதிக்கலாம்" என்றான் சட், சிறிதும் முகம் மாறாமல்.

வாண்டா கோழித்தீவன மூட்டைகளுக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

"ஆமா, உனக்கு எதுக்கு இன்னொண்ணு? உன்னுது எங்க?" என்று கேட்டான் சட்.

"துடைக்கக் குடுத்திருக்கேன்."

"யார்கிட்ட? இந்தக் கவுண்டியில துடைக்கறவன் நான் ஒருத்தன்தானே." நல்ல வேளையாக என் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. "வேடிக்கையைப் பாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு பொம்பளை போன் பண்ணினா. இதே மாதிரி பழைய ரிவால்வர்ல குண்டை எப்படி வெளிய எடுக்கறதுன்னு கேட்டா. பொறுமையா சொல்லிக் குடுத்தேன். இந்த வழியா சுழட்டு, அந்தக் குச்சியைத் தள்ளு, குழாயை யார் பக்கமும் காட்டாதேன்னு. புது வாடிக்கை ஆவாளேன்னு ஒரு ஆசை."

வாண்டா மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு விரைந்து வந்தாள். "யாரு அது?"

"என்ன?"

"யாருன்னு கேட்டேன்."

"யாரோ. என் காதுக்கு எல்லாப் பொம்பளையும் ஒரே குரல். ஆனா பின்னால ஒரு மாடு கத்திட்டே இருந்துச்சு. அது மட்டும் நல்லா கேட்டுச்சு."

"மாடா?"

சட் கண்களை மூடி, கழுத்தை நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்திக் காட்டினான். "ம்ம்ம்ம்ம்ம்ம்." தாழ்ந்த, அகன்ற, நெடிய ஒலி. கோழித்தீவனம் வாங்க வந்தவர் ஒருவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு வெளியே போனார்.

"பேசி முடிக்கற வரைக்கும் நிக்கவே இல்ல. பாவம், கன்னு போடற நேரமோ என்னவோ."

என் முகம் மலர்ந்தது. வேட்டை நாயின் மூக்கில் வாடை பட்டதுபோல் என் உடல் நிமிர்ந்தது. இக்கவுண்டியில் பால்பண்ணை இன்று ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அங்கே ஒரு பெண்மணி இருக்கிறாள். என் ரிவால்வரும் அங்கேதான். நான் வண்டியை எடுத்த வேகத்தில் சட்டின் பலகை ஆடிற்று.

பால்பண்ணையில் நான் சாதித்தவற்றை வரிசையாகச் சொல்ல நாணுகிறேன். சாணக்குழியில் முழங்கால்வரை இறங்கினேன். அது ஒன்று. பண்ணைக்கார அம்மையார் ஞாயிறு முழுவதும் தன் மகளின் வீட்டில் இருந்ததாகவும், மாடுகளில் ஒன்றும் அன்று கன்று ஈனவில்லை என்றும் கூறினார். பிறகு ஒரு குழாயைக் கொணர்ந்து என் காலில் நீர் பீய்ச்சினார். நீர் பனிக்கட்டியைவிடச் சற்றே இளகியிருந்தது.

வாண்டா வேலியின்மேல் சாய்ந்து மாடுகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஒரு சிவலைப் பசு தலையைத் தூக்கி நெடுங்குரலில் கத்தியது, நிறுத்தியது, பெருமூச்செறிந்தது, மீண்டும் கத்தியது.

"ஷெரீப்."

"என்ன?"

"மாடு மூச்சு விடுது."

"விடாம என்ன செய்யும்?"

"அதைத்தான் சொல்றேன். சட் கேட்ட மாடு மூச்சே விடல. துப்பாக்கியில குண்டை எடுக்கப் பாடம் சொல்லி முடிக்கற வரைக்கும், ஒரே குரல்ல, ஏறாம, எறங்காம. மூச்சு விடாம அவ்வளவு நேரம் கத்தற மாடு எது?"

சட் கத்திக் காட்டியதை நான் மனத்துக்குள் மீட்டிப் பார்த்தேன். பிறகு வாய்விட்டு முனகினேன். அந்த ஒலியை என் தொண்டை அறிந்திருந்தது. சீயோன் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன் நான். ஒவ்வொரு பாடலின் இறுதியிலும் அந்தச் சுரத்துக்கு நான் இறங்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் இறங்க முயன்று, பாதிவழியில் நின்று, கீழே போகும் ஏணியைத் தொலைத்தவன்போல் விழிப்பேன். அப்போது ஆர்கன் வாசிக்கும் அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்து, தம் காலால் பெடலை அழுத்தி, அந்தச் சுரத்தைத் தாமே நிரப்புவார்.

"வாண்டா, அது மாடு இல்ல" என்றேன். "ஆர்கன்."

அந்த அம்மையார் ஆர்டித் லிண்ட்குவிஸ்ட். கவுண்டிக் கூட்டத்தில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக எழுந்து பேசிய ஒரே ஆள். அவர் பேசியபோது சிலர் நாற்காலியைத் தேய்த்துச் சத்தம் எழுப்பினார்கள். நான் அதை அடக்கவில்லை.

தேவாலயத்துக்கு வாண்டா வண்டியை ஓட்டினாள். எனக்கோ மாலைக் காட்சி முழுவதும் கண்ணெதிரே ஓடியது: குழுவின் மேசைமேல் அம்மையார் என் பாட்டனாரின் ரிவால்வரை வைக்கிறார், பனியன் அணிந்த கூட்டம் தன் மார்பைத் தானே குனிந்து பார்த்துக்கொள்கிறது.

தேவாலயத்தின் உள்ளே குளிரும் மெழுகின் மணமும் கலந்து நின்றன. அம்மையார் ஆர்கன் பெஞ்சில், மேல்சட்டையும் தொப்பியும் அணிந்தவாறே, விரல்களை ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பாராமலே பேசினார்.

"வா, டெல்பர்ட். நீ நேத்தே வருவேன்னு நெனச்சேன். சாணி நாத்தம் வருதே."

"பண்ணைக்குப் போயிருந்தோம், மிஸ் லிண்ட்குவிஸ்ட்."

"எதுக்கு?"

"துப்பு" என்றாள் வாண்டா. "பெரிய துப்பு."

அம்மையார் பெஞ்சின் மூடியைத் திறந்தார். இசைத்தாள்களுக்கடியில், ஒரு பழைய பலிபீடத் துணியில் சுற்றப்பட்டு என் ரிவால்வர் இருந்தது. ஆறு குண்டுகளும் தனியே, மிட்டாய் டப்பாவொன்றில்.

"எங்க இருந்துச்சு?" என்றேன், விடையை அஞ்சியவனாக.

அவர் சுவரின்மேல் விரல் காட்டினார். ஆராதனையில் பாட வேண்டிய பாடல்களின் எண்களை அங்குள்ள மரப்பலகையில் செருகிவைப்பது எங்கள் வழக்கம். அந்த எண் அட்டைகளைப் போட்டுவைக்கும் மரப்பெட்டி, பாடகர்கள் அங்கி அணியும் அறையின் அலமாரியில் இருக்கும்.

அப்போது எனக்கு எல்லாம் நினைவு வந்தது. ஞாயிறன்று தாமதமாக வந்தேன். டிரக்கில் வைக்க மறந்து இடுப்பில் ரிவால்வருடனேயே அங்கியை மாட்டினேன். மெலிந்தவன் ஒருவனுக்காகத் தைத்த அங்கி அது. என் வயிற்றையே ஒருவாறு பொறுத்துக்கொள்ளும், வயிற்றோடு ஆயுதத்தையும் என்றால் பொறுக்காது. ஒரு நிமிடத்துக்குத்தானே என்று ரிவால்வரை மட்டும் உருவி அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். ஆராதனை முடிந்ததும் வறுத்த பன்றியிறைச்சியின் மணம் கீழ்த்தளத்திலிருந்து ஏறி வந்தது. வீரனின் கால்கள் வீரனை அழைத்துச் சென்றன.

"சாப்பாட்டுக்கப்புறம் பிள்ளைங்க அந்தப் பெட்டியைக் கேப்பாங்க. நம்பர் அட்டையை வெச்சு கடை விளையாட்டு விளையாடுவாங்க" என்றார் அம்மையார். "எடுத்துக் குடுக்கலாம்னு நானே தூக்கினேன். கனமா இருந்துச்சு."

 அந்தக் கனத்தை நாங்கள் மூவரும் கைகளில் உணர்ந்தோம்.

"யாருதுன்னு சத்தமா கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டிருந்தா பாதி ஆம்பளைங்க இடுப்பைத் தொட்டுப் பாத்திருப்பாங்க. மீதிப் பாதி பொய் சொல்லியிருப்பாங்க. அதனால சட்டம் என்ன சொல்லுதோ அதைச் செஞ்சேன். உன் ஆபீசுக்கு போன் பண்ணினேன்."

நான் வாண்டாவைப் பார்த்தேன். வாண்டா தன் காலணியைப் பார்த்தாள்.

"மூணு தரம் பண்ணினேன்" என்றார் அம்மையார். "'புதுச் சட்டப்படி ஒரு தகவல் சொல்லணும்'னு ஆரம்பிப்பேன். போன் செத்துடும். மூணாந்தரம் வெச்சதும் ஜன்னலுக்கு வெளிய எட்டிப் பாத்தேன், வேதத்துல ஆண்டவரை மூணு தரம் மறுதலிச்சப்ப கூவின மாதிரி சேவல் ஏதாவது கூவுதான்னு."

"அது நான்தான்" என்றாள் வாண்டா. அவள் அவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை. "நீங்க வம்புக்குக் கூப்பிடறீங்கன்னு நெனச்சுட்டேன். ஷெரீப் உத்தரவு வேற."

ஆக, இரண்டு நாட்களாக என் திருடன் என்னைப் பிடிக்க முயன்றிருக்கிறான். நான்தான் தப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். அழைப்புகளை வெட்டிய திறமைக்கு ஒரு சிறப்பு டோனட்டும் வாண்டாவுக்கு வாங்கித் தந்திருந்தேன்.

"அப்புறம் இதே பெஞ்சுல உக்காந்து சட்டுக்கு போன் பண்ணினேன், குண்டையாவது எடுத்துடலாம்னு. கண்ணு துப்பாக்கி மேலயே இருந்துச்சு. காலு பெடல்ல ஊணிடுச்சு போல, எடுக்கத் தோணல. நேத்து நிதானமா திருப்பிப் பாத்தப்பதான் கைப்பிடியில உங்க குடும்பப் பேரு தெரிஞ்சுது."

"வீட்டுக்கு வந்து குடுத்திருக்கலாமே, மிஸ் லிண்ட்குவிஸ்ட்."

"குடுத்திருக்கலாம்." அவர் முதன்முறையாக என்னை நேரே பார்த்தார். "ரோலண்டு உனக்குத் தெரியாது. என் தம்பி. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. ஏழு வயசு. இதே மாதிரி அறுவடை விருந்து, எங்க வீட்டுல. வந்தவங்க குளிர்கோட்டுங்களைக் கழட்டிக் கட்டில்மேல குவிச்சிருந்தாங்க. ஒரு கோட்டுப் பையில ஒரு துப்பாக்கி இருந்துச்சு. அவன் விளையாட எடுத்தான்."

காற்று ஜன்னலைத் தட்டிவிட்டுப் போனது.

"யார் கோட்டுன்னு அன்னிக்கு யாரும் சொல்லல. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கோட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க. கடைசியில கட்டில்மேல அந்தத் துப்பாக்கி இருந்த கோட்டு மட்டும் கெடந்துச்சு. 'அது என்னுது'ன்னு ஒருத்தர் சொல்ல மாட்டாங்களான்னு எங்கம்மா சாகற வரைக்கும் காத்திருந்தாங்க. அவங்களைத் திட்டறதுக்கில்ல. கூட உக்காந்து அழறதுக்கு."

அவர் துணிச்சுருளை என் கையில் வைத்தார்.

"இன்னிக்கு சாயங்காலம் நான் ரோலண்டைப் பத்திப் பேசப் போறேன். உன்னைப் பத்திப் பேச மாட்டேன். அது உன் வேலை, டெல்பர்ட்."

வெளியே வந்தபின் டிரக்கின் அருகே நின்றேன். ரிவால்வர் மீண்டும் என் கையில். உறை என் இடுப்பில். இரண்டையும் சேர்த்துவிட்டால் மாலைப் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மையார் சொன்ன சொல் தவறாதவர்.

"என்ன யோசிக்கறீங்க?" என்றாள் வாண்டா.

"பேனா இருக்கா?"

"எதுக்கு?"

"புதுச் சட்டப்படி ஒரு தகவல் சொல்லணும்."

 வாண்டா பேனாவை எடுத்து, உள்ளங்கையில் படிந்த தூசியை உதறிவிட்டு, "பேரு?" என்று கேட்டாள், என்னை முன்பின் அறியாதவள்போல்.

மாலையில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. வெளியே தோளில் துப்பாக்கியும் கையில் பலகையுமாக நின்றவர்கள் நான் படியேறியபோது கைதட்டினார்கள்; அவையும் சேர்ந்துகொண்டது. நான் ஒலிபெருக்கியின் முன் நின்று மேல்சட்டையை விலக்கினேன். வெற்று உறையைக் கண்டதும் கைதட்டல் கிழிந்த துணிபோல் அங்கங்கே நின்றது.

"பொறுப்புள்ளவன் துப்பாக்கியைத் தொலைக்க மாட்டான்னு சொன்னேன்" என்றேன். "ஞாயித்துக்கிழமை சீயோன் கோயில்ல, பிள்ளைங்க கைக்கு எட்டற எடத்துல, ஒரு ரிவால்வர் கெடந்துச்சு. ஆறு குண்டோட. அது என்னுது."

 ஆர்டித் லிண்ட்குவிஸ்ட் முன்வரிசையில் கையுறைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

குழுத் தலைவியான அம்மையார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "அப்ப நீங்க சட்டத்தை ஆதரிக்கறீங்களா, ஷெரீப்?"

"இல்லம்மா. எங்க வீட்டு ஆணியில என்ன தொங்கணும்னு தலைநகர்ல உக்காந்து எழுதறது எனக்கு இன்னும் பிடிக்கல. நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனா அதைக் கண்டெடுத்த மிஸ் லிண்ட்குவிஸ்ட் மூணு தரம் போன் பண்ணியும் கேக்காம போனதுக்குத் தலைநகர் காரணம் இல்ல. அது நான் போட்ட உத்தரவு. அதை எடுத்துட்டேன். இனிமே யார் தொலைச்சாலும், யார் கண்டெடுத்தாலும், எந்தச் சட்டப்படின்னு சொன்னாலும், வாண்டா போனை எடுப்பா."

"பாதியில வெக்கவும் மாட்டேன்" என்றாள் வாண்டா, சுவரோரத்திலிருந்து.

பின்வரிசையில் சட் வோகல் எழுந்தான். என்ன பேசினேன் என்று பக்கத்திலிருந்தவரிடம் அவன் உரக்கக் கேட்டு அறிந்துகொள்ள, அவை காத்திருந்தது. "அப்ப பனியனை என்ன பண்றது, டெல்பர்ட்? இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு."

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பலகைகளில் இரண்டொன்று திரும்பி நடந்தன. அடுத்த தேர்தலில் அவை எனக்காக வாரா என்பதை அவற்றின் நடையிலேயே கண்டேன். பிறகு ஆர்டித் அம்மையாரின் பெயரை அழைத்தார்கள். அவர் எழுந்தபோது ஒருவரும் நாற்காலியைத் தேய்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அனைத்துப் பரிசுத்தவான்களின் திருநாள். அவ்வாண்டில் மரித்தவர்களின் பெயர்களைப் போதகர் வாசிக்க, பெயருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் முறை. வாசித்து முடித்தபின் எல்லோரும் கீழ்த்தளத்துக்குச் சென்றார்கள். காப்பியின் மணம் ஏறி வந்தது. அன்று என் கால்கள் என்னை அழைத்துச் செல்லவில்லை. என் ரிவால்வர் அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருந்தது. சாவி வாண்டாவிடம் இருந்தது. அவள் அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்வதில்லை.

பலகையிலிருந்த பாடல் எண்களை ஒவ்வொன்றாக உருவி மரப்பெட்டியில் அடுக்கினேன். பெட்டி இலேசாக இருந்தது. பிறகு பீடத்தின் அருகே சென்று, எரிந்துகொண்டிருந்த சுடர்களில் ஒன்றிலிருந்து நெருப்பெடுத்து, வரிசையின் கடைசியில் ஒரு சிறிய மெழுகுவத்தியை ஏற்றினேன். அவ்வாண்டின் பட்டியலில் இல்லாத ஒருவனுக்காக, ஏழு வயதிலேயே நின்றுவிட்ட ஒருவனுக்காக. முழங்காலிட்டேன். அங்கி வயிற்றில் இறுகியது. 

பின்னால், ஆர்கனில், அந்த அடிச்சுரம் மெல்ல எழுந்தது. ஏறாமல், இறங்காமல், மூச்சு விடாமல் நின்றது. பிறகு அடங்கியது. காலடி ஓசை அருகே வந்தது. குளிர்ந்த, எலும்பு தெரியும் ஒரு கை என் தலைமேல் அமர்ந்தது.

"ஆண்டவர் உனக்கு முன்னாலயும் பின்னாலயும் நடக்கட்டும், டெல்பர்ட்" என்றார் ஆர்டித் லிண்ட்குவிஸ்ட். "உன் வீட்டுக் கதவு பிள்ளைங்களுக்கு எப்பவும் தெறந்திருக்கட்டும். உன் பெட்டி எப்பவும் பூட்டியிருக்கட்டும்."